அக்காவுக்கு ஒரு கிளை

கறுப்பு ஷூ நின்ஃபாவின் இடது காலில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒலிவா கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, செத்துப்போன அக்காவின் குதிகாலை ஒரு கையால் தாங்கி, மறு கையால் அழுத்திப் பார்த்தாள். ஷூ ஒலிவாவுடையது. கோயிலுக்குப் போட்டுப்போகிற மெல்லிய ஷூ. நின்ஃபாவின் பாதமோ சந்தையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் ஆயுசு முழுக்க நின்று அகன்றுபோன பாதம்.

"பின்பக்கம் கத்தரியால ஒரு வெட்டு வெட்டிடலாம்," என்றாள் பக்கத்து வீட்டு ஜிரோலமா. "மேல துணி போத்தினா யாருக்குத் தெரியப்போகுது? நீ எழுந்திரு ஒலிவா. உனக்கு இதெல்லாம் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு ஆகும்."

ஒலிவா எழுந்துபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கிடந்த பழைய ஜோடியை எடுத்துவந்தாள். எண்ணெய் குடித்துக் கறுத்த தோல், ஒருபக்கம் தேய்ந்த அடி. ஈரத்துணியால் துடைத்து மாட்டினாள். இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டு ஏறிக்கொண்டன.

"இதைப் போட்டுக்கிட்டா சொர்க்கத்துக்குப் போவா?"

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் இந்த வீட்டத் தூக்கி நிறுத்தினா. அங்க மட்டும் என்ன, வழுக்கி விழுந்துடுவாளா?"

ஜிரோலமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று நினைவு வந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

முற்றத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. மீன்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கோட்டு போட்ட ஒரு வக்கீல். பசியோடு வந்தவனிடம் காசு இருக்கிறதா என்று கேட்காமல், சூடான கடலைமாவு வில்லைகளை ரொட்டிக்குள் வைத்து நீட்டுவாள் நின்ஃபா. அப்படித் தின்று வளர்ந்தவர்கள் பலேர்மோவில் எத்தனை பேர் என்று ஒலிவாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஜன்னல் வழியாக அவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு விம்மியது. துக்கத்தைவிடப் பெருமைதான் அதில் அதிகம்.

எல்லாரும் கரூபா மரத்தின் அடியில்தான் நின்றார்கள். அந்த மரத்துக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. பாறையில் எப்படியோ வேரை இறக்கிக்கொண்டு, வருஷம் முழுக்க இலை உதிராமல் நிழல் தந்துகொண்டிருந்தது. காய்ந்த நெற்றுகள் கீழே விழுந்து கிடக்கும். அதன் நிழலில்தான் சந்தின் பெண்கள் கீரை ஆய்வார்கள், ஆண்கள் சீட்டாடுவார்கள், நின்ஃபாவின் பலகாரத் தள்ளுவண்டி ராத்திரியில் நிற்கும்.

பால்கனித் தொட்டியில் இருந்த ஈழத்தலரியின் கதை வேறு. கோடையில் நடுவே மஞ்சள் தீட்டிய வெள்ளைப் பூக்களைக் கொத்துக் கொத்தாகக் காட்டும். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். குளிர் வந்தால் இலையெல்லாம் கொட்டி வெறும் தடித்தடி விரல்களாக நிற்கும். வடக்குக் காற்று பட்டால் விரல்நுனி அழுகிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு நுனிகளின்மேல் முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைப்பார்கள்.

மூத்தவள் கரூபா, இளையவள் அலரி. இது அம்மா எழுதிய தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஒலிவா தும்மினால் நின்ஃபா போர்வையோடு வருவாள். ஒலிவா பெட்டியைத் தொட்டால் "விடுடி, நான் தூக்கறேன்" என்பாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையும் பூந்தொட்டியுமாக ஒலிவா இந்த வீட்டுக்குத் திரும்பிவந்தபோது, குழந்தையை இடுப்பிலும் தொட்டியைத் தோளிலும் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறியவள் நின்ஃபாதான். ஒலிவா பின்னால் வெறுங்கையோடு ஏறினாள். பழகிப்போனால் அதுவும் ஒரு சுகம்தான்.

இந்தக் குளிருக்கு நின்ஃபா படுத்துவிட்டாள். முதல்முறையாக ஒலிவாவே முட்டைகளை உடைத்தாள். நடுவில் தட்டித் தட்டி ஓடெல்லாம் சில்லுச் சில்லாக வந்தது. இருந்ததைக் கொண்டு ஒப்பேற்றி அலரியின் நுனிகளில் மாட்டினாள். தலையணையிலிருந்து எட்டிப்பார்த்த நின்ஃபா, "என்னடி, சண்டையில அடிபட்டுக் கட்டுப் போட்ட மாதிரி நிக்குது?" என்று சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். "சின்ன முனையில தட்டணும்டி. இன்னொண்ணு எடு." அதுவும் உடைந்தது. அந்த வாரம் பூரா இருவரும் ஆம்லெட்டே தின்றார்கள்.

பங்குச் சாமியார் எராஸ்மோ சாமி வந்ததும் நின்ஃபாவைக் கிடத்தியிருந்த பெட்டியைச் சுற்றி எல்லாரும் நெருங்கி நின்றார்கள். மிலானிலிருந்து வந்திருந்த மகன் கஸ்பாரே, அம்மாவுக்கு நாற்காலி போட்டான். ஒலிவா உட்காரவில்லை. சுவரோரம் சவப்பெட்டிக்காரர் பெட்டியின் உள்மூடியான துத்தநாகத் தகட்டைப் பற்றவைக்கக் கருவியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். தகட்டை மூடிவிட்டால் அதோடு முடிந்தது. அப்புறம் ஒரு ஊசிகூட உள்ளே போகாது.

சாமி ஜெபத்தை முடித்துவிட்டுப் பேசினார். "நம்ம நின்ஃபா முற்றத்துல நிக்கற கரூபா மாதிரி. தண்ணி கேக்கல, போர்வ கேக்கல. தனக்குன்னு எதையுமே கேக்காம எல்லாருக்கும் நெழல் குடுத்தா."

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒலிவாவும் ஆட்டினாள். அப்புறம் அந்தக் 'கேக்கல' தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

இந்த ஊரில் மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது தாய் தன் அலரியிலிருந்து ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தனுப்புவாள். ஒலிவாவின் கல்யாணத்தன்று அம்மா, "நின்ஃபா, கத்தியக் கொண்டா" என்றாள். வெட்டியவளும் நின்ஃபாதான், ரிப்பன் கட்டித் தங்கையின் கையில் வைத்தவளும் அவள்தான். "உன் மொற எப்ப?" என்று யாரோ அத்தை கேட்டாள். அம்மாதான் பதில் சொன்னாள்: "கரூபாவுக்கு எதுக்குப் பூந்தொட்டி?" வீடே சிரித்தது. நின்ஃபாவும் சிரித்தபடி, கத்தியில் ஒட்டியிருந்த பாலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

ஒலிவா சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். பால்கனிக் கதவைத் திறந்ததும் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

"அம்மா, என்ன பண்ற?" கஸ்பாரே பின்னாலேயே ஓடிவந்தான். "குளிர்ல வெட்டினா மரமே அழுகிடும். பெரியம்மா இருந்தா உன் கையத் தட்டி விட்டிருப்பா."

"இருந்தா தட்டட்டும்."

நடுக்கிளை, ஒவ்வொரு வருஷமும் முதலில் பூப்பது, அதையே பிடித்து வெட்டினாள். பால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நுனியில் அவள் ஒப்பேற்றி மாட்டிய உடைந்த ஓடு அப்படியே இருந்தது. ஆணியில் தொங்கிய நின்ஃபாவின் கடை ஏப்ரனிலிருந்து நாடாவை உருவிக் கிளையில் சுற்றிக் கட்டினாள்.

கிளையோடு அவள் வருவதைப் பார்த்துச் சவப்பெட்டிக்காரர் கையை உயர்த்தினார். "அம்மா, பச்சையா எதையும் உள்ள வைக்கக்கூடாதும்மா. அழுகிப்போகும்."

"இது அழுகாது தம்பி. மண்ணு இல்லாம, தண்ணி இல்லாம மாசக்கணக்கா ஒரு மூலையில போட்டு வை. அப்பவும் உயிரோட இருக்கும். பூஞ்சை உடம்புன்னு ஊரே சொல்லும், ஆனா வெட்டிப்போட்டா பொழச்சுக்கறது இதுதான். அந்தக் கரூபாவ வெட்டி நட்டுப் பாரு, பட்டுப்போகும்."

"ஒலிவா, இது கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கறதாச்சேடி," என்றாள் ஜிரோலமா மெதுவாக.

"ஆமா. எங்கம்மா குடுக்கல. நான் குடுக்கறேன்." ஒலிவா சாமியைப் பார்த்தாள். "கேக்கலன்னு சொன்னீங்க சாமி. நெசந்தான். உனக்கு வேணுமான்னு நாமளும் கேக்கல."

சவப்பெட்டிக்காரர் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஒலிவா அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிளையை உள்ளே வைத்தாள். உடைந்த ஓடு நின்ஃபாவின் தாடைக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. அவளுடைய அக்கா பார்க்க நன்றாக இருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதை அவளிடம் சொன்னதில்லை என்று தோன்றியது. "நல்லா இருக்கேக்கா," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

பெட்டி மாடிப்படி இறங்கி முற்றத்துக்கு வந்தபோது மீன்காரர் ஒருவர், அந்த ஊர் வழக்கப்படி அவளை வழியனுப்பக் கைதட்டத் தொடங்கினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். வக்கீல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். பெட்டி சந்து முனை திரும்புகிறவரை அந்த ஓசை ஓயவில்லை. பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கஸ்பாரே தன் கையை நீட்டினான். ஒலிவா அதில் தன் கைப்பையை மாட்டிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் தலை நிமிர்ந்து நடந்தாள். கரூபா நெற்றுகள் காலடியில் நொறுங்கின. விரல்களில் அலரிப் பால் காய்ந்து பிசுபிசுத்தது.

சாயங்காலம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. துக்க வீட்டுக்குப் பக்கத்து வீடுகள்தான் சமைத்துத் தர வேண்டும். ஜிரோலமா சூப்புப் பாத்திரத்தோடு வந்தாள். கூடவே ஒரு முட்டை, ஒரு கண்ணாடித் தம்ளர், கொஞ்சம் சர்க்கரை.

"காலைலேர்ந்து வெறும் வயிறு. சர்க்கரை போட்டு அடிச்சுத் தரேன், குடி. நீ தாங்க மாட்ட."

"கொண்டா, நானே உடைக்கறேன்."

ஒலிவா முட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சின்ன முனையைத் தம்ளர் விளிம்பில் ஒருமுறை தட்டினாள். மூடியைப் போல ஒரு வட்டம் மட்டும் கழன்று வந்தது. மஞ்சள் கரு நழுவித் தம்ளரில் விழுந்தது. அடித்துக் கலக்காமலே எடுத்துக் குடித்தாள்.

பிறகு முழுசாக வந்த அந்த ஓட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெட்டுப்பட்ட இடத்தில் பால் உறைந்திருந்தது. அதன்மேல் ஓட்டைக் கவிழ்த்து, காற்றில் நிற்கிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்தாள். நின்றது.