செவ்வாய் அவளுக்கு, வியாழன் எனக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேநீர்க் கடையில் கிடைத்தது. ஜோர்ஜ்டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கடை. சொன்னவர் சுகுமாரன், எங்கள் மாடியிலேயே குடியிருப்பவர். தெருக் கேமராக்களைப் பார்க்கும் அரசாங்க வேலை அவருக்கு. (எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். அவர் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு விருப்பமில்லை.)

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு கதை. டவுன்ல ஒரு அங்கிள், வியாழக்கெழமையானா ஒரு தூண்கிட்ட வந்து நிக்கிறாரு. அஞ்சு நிமிசம். தூண்ல ஒரு ஓட்டை. அதுல வெரல விட்டுப் பாக்குறாரு, போயிடறாரு. எதுக்குன்னு நீங்கதான் எழுதணும்லா!"

நான் கதை எழுதுகிறவன் என்பதால் சொன்னார். அந்த அங்கிள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. கேமரா மேலிருந்து பார்க்கிறது. நான் தொப்பி போட்டுக் குடை பிடித்திருப்பேன். தேநீரைக் கீழே வைத்துவிட்டு, மேலே சொல்லச் சொன்னேன்.

2

முதல் தொடக்கம்: "ஜோர்ஜ்டவுனின் மாலை வெயிலில் ஒரு முதியவர்

[அடித்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் என்னை நானே முதியவர் என்று எழுத மனம் வரவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "1985இல் அந்தத் தூணிலிருந்த இரும்புக் கொக்கி கழன்று விழுந்து, துளை மட்டும் மிஞ்சியது."

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

சவுந்தரம் கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ்ஸிலும் ஃபெரிப் படகிலும் வந்து டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அவர்கள் மாதா கோயில் குடும்பம், நாங்கள் முருகன் கோயில் குடும்பம். செவ்வாய்க்கிழமை அவள் பஸ் டிக்கெட்டின் பின்னால் இரண்டு வரி எழுதி, சுருட்டித் துளையில் வைப்பாள். வியாழக்கிழமை நான் எடுத்துக்கொண்டு பதில் வைப்பேன். இருவரும் ஒரே நாளில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

"மழை. குடை இல்ல. உங்க மேலதான் கோவம்." இது ஒரு டிக்கெட். மழைக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிலிருந்து குடையில்லாமல் நான் வெளியே போனதில்லை.

அப்போதும் கேமராக்கள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் இருந்தது: வெற்றிலைக்கடை சுப்பையா, சவுந்தரத்தின் சித்தப்பா. சுப்பையாவுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நாலு நாளில் மறந்தும்போவார். அந்த மறதியை நினைத்தால் இப்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு நாள் சட்டத்தை மீறி, சேர்ந்து ஃபெரியில் போனோம். சித்தப்பா அதே ஃபெரியில் இருந்தார். மூன்று மாதத்தில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

3

நாற்பது வருடம் கழித்து எதற்காகப் போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் போக ஆரம்பித்தேன்.

[நல்ல பெயர் வாங்குவதற்காக எழுதிய வாக்கியம்போல் இருக்கிறது. உண்மைதான், இருந்தாலும்.]

நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் எதையோ என் கைப்பேசியில் மகன் மோகனராஜ் போட்டுவைத்திருக்கிறான். அக்கறையில்தான். வியாழக்கிழமைகளில் நான் கைப்பேசியை வீட்டில் மறந்துவிட்டுப் போவேன்.

4

சுகுமாரன் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு கேளுங்கண்ணே. செவ்வாக்கெழம ஒரு அக்கா வருது. அதே தூண், அதே ஓட்டை. கைய வெச்சுப் பாத்துட்டுப் போயிடுது."

இந்த இடத்தில் நான் எழுதியதெல்லாம் அழுகையாக வந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்: அவளும் வருகிறாள். செவ்வாய் என்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் சட்டத்துக்கு இருவரும் இன்னும் கட்டுப்பட்டு, ஒருவரையொருவர் பார்க்காமலே வந்துபோயிருக்கிறோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கம்ப்யூட்டரு ரெண்டு பேரையும் சேத்து சிவப்புக் கட்டம் போட்டுருச்சு. ஓட்டையில போதை மாத்திர கைமாறுதுன்னு பாஸ் சொல்றாரு. அந்தக்கா மொகத்த ஐசி கார்டு படத்தோட ஒப்பிட்டுப் பாத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பப் போறாங்க."

அவள் வீட்டுக்கு. பேரப்பிள்ளைகள் நடுவில் ஒரு சீருடைக்காரர் நின்று, அந்தத் தூணுக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்பார். சித்தப்பா மறுபடியும் ஃபெரியில் ஏறிவிட்டார்.

"தம்பி," என்றேன், "அந்த அங்கிள் நான்தான்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முழுவதையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை அதற்கு முன்.

"சரிண்ணே. பழைய ஆளுங்க, ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்ல எழுதிடறேன். பாஸ நான் பாத்துக்கறேன்." பிறகு தன் கைப்பேசியை எடுத்தார். "அந்தக்கா படம் இருக்கு. பாக்குறீங்களா?"

5

முடிவு ஒன்று: பார்க்கிறேன். தலை நரைத்திருக்கிறது. நெற்றி மட்டும் அப்படியே

[இல்லை. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்தால் நானும் சித்தப்பாவும் ஒன்றுதான்.]

முடிவு இரண்டு: செவ்வாய்க்கிழமை நானே போய் நிற்கிறேன்.

[அவளுடைய கிழமை. அவளைக் கேட்காமல் எப்படிப் போவது?]

நடந்தது இது. கைப்பேசியைக் கவிழ்த்துவைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை குடையைச் சாய்த்துக் கேமராவை மறைத்து, நாட்காட்டித் தாளில் எழுதிய சீட்டு ஒன்றைத் துளையில் வைத்தேன். அதில் [இங்கே நான்கு சொற்கள் இருந்தன. எடுத்துவிட்டேன்.]

இன்று புதன். காலையில் சுகுமாரன் வேலை முடிந்து நேராக என் கதவைத் தட்டினார்.

"அண்ணே, நேத்து அந்தக்கா வந்து..."

"சொல்லாத."

"ஒரே ஒரு வார்த்தைண்ணே!"

"வேணாம் தம்பி. நானே கைய விட்டுப் பாத்துக்கறேன்."

6

சவுந்தரம் என்பது அவள் பெயரில்லை. அவள் வேலை பார்த்தது துணிக்கடையிலும் இல்லை. சுகுமாரனுக்கும் வேறு பெயர். கிழமைகளையும் மாற்றியிருக்கிறேன். தூணைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவரிசை முழுக்கத் தூண்கள்தான்.

நாளைக்கு, நான் வியாழன் என்று எழுதிவைத்திருக்கும் அந்தக் கிழமை. இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், சந்தோஷம். நாளைக்கு மட்டும் வராதீர்கள்.