நாற்பத்தொன்றாம் குடும்பத்தின் கடைசிப் பேன்

நான் பேன் பார்க்கிறவள். தலையில் அல்ல, சால்மன் மீனில். முப்பது வருடமாக இதே தீவில், இதே இனப்பெருக்க நிலையத்தில், மீனை மயக்கிப் படுக்கப்போட்டு அதன் மேல் ஒட்டியிருக்கும் கடல்பேன்களை எண்ணுகிறேன். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மீன்கள் ஒரு குடும்பம்; எந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் பேனுக்குப் பிடிக்காத ஏதோ இருக்கிறதோ, அதன் முட்டைதான் ஃபியோர்டு என்கிற இந்தக் கடற்கழி முழுக்க உள்ள மீன்பண்ணைகளுக்குப் போகும். தோற்ற குடும்பம் கசாப்புக்கு.

அந்த வருடம் இரண்டு குடும்பங்கள் மிஞ்சின. பன்னிரண்டாம் குடும்பம் ஸ்டைனருடையது. பெர்கன் நகரத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளன், துடுப்பில் துளி வெட்டிக் கணினியில் போட்டு ஜாதகம் சொல்கிறவன். நாற்பத்தொன்று என்னுடையது. இதுதான் ஜெயிக்கும் என்று கண்ணால் பார்த்தே சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அடக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

குடும்பத்துக்கு இருபது மீன். பன்னிரண்டுக்கு எண்ணி முடித்தாயிற்று, மொத்தம் தொண்ணூற்றிரண்டு பேன். என் குடும்பத்தில் பத்தொன்பது மீனுக்கு எண்பத்தாறு. பாக்கி பேடர் மட்டும்தான்.

பேடர், மீன்பண்ணை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பெயர். இருவருக்கும் ஒரே மாதிரித் தொங்கும் தாடை, அதனால் இந்த மீனுக்கும் அதையே வைத்தேன். மீன் பேடர் குஞ்சிலிருந்து என் கையில் தின்று வளர்ந்தவன்.

"ஆறு பேன் இருந்தா சமன், ஏழுன்னா நீங்க அவுட்டு, குன்வோர்" என்றான் ஸ்டைனர்.

"வாயைக் கழுவிட்டு வா" என்றேன்.

மயக்கத் தொட்டியிலிருந்து பேடரை நானே தூக்கினேன். மயக்கம் முழுதாக ஏறாமல் துள்ளினான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மேசையில் போட்டு, முன்னும் பின்னும், செவுள் ஓரமும், வாலடியும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஸ்டைனர் பூதக்கண்ணாடியோடு பார்த்தான், தொட்டித் தண்ணீரையும் வடிகட்டிப் பார்த்தான். சுத்தம்.

"பூஜ்யமா?" என்றான்.

"பூஜ்யம்தான்டா தம்பி. உன் கணினிகிட்ட சொல்லிடு, அழுதுடப் போவுது."

நிலையத்து ஆட்கள் எல்லோரும் கொண்டாட்டத்துக்கு வாஃபிள் அப்பம் சுட ஓடினார்கள். மழைக்கோட்டைக் கழுவ நான் குழாயடிக்குப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் துரீத் கூடவே வந்தாள். குழாயைத் திறக்கப் போனேன், அவள் கையைப் பிடித்தாள்.

"அடியே, அசையாதே. உன் மாருல என்னடி அது?"

குனிந்து பார்த்தேன். மஞ்சள் ரப்பரில் பழுப்பாக, முட்டைச் சரம் தொங்க, சுகமாக ஒட்டிக்கொண்டிருந்தன. பதினொரு பேன். கட்டிப்பிடித்தபோது பேடரை விட்டு என்னிடம் குடியேறியிருக்கிறார்கள்.

"தண்ணியடிச்சுடு. நான் எதுவும் பாக்கல" என்றாள் துரீத்.

குழாய் கையில் இருந்தது. ஒரு திருகு, பேடர் பிழைத்துவிடுவான். ஆனால் ஜெயித்தால் நாற்பத்தொன்றின் மீன் முட்டைகள் என் வீட்டுக்காரர் பண்ணைக் கூண்டுக்கும் போகும். போன கோடையில் பேன் தின்று முதுகு புண்ணாகிச் செத்த மீன்களை அவர் வாளி வாளியாக அள்ளியது கண்ணில் நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பேன் மேல், பேடர் மேல், அணைத்துத் தொலைத்த என் கை மேல்.

கோட்டைக் கழற்றாமல் வாஃபிள் அறைக்குப் போனேன்.

"ஸ்டைனர், எண்ணு."

அவன் வாயில் பாதி வாஃபிள். மெல்லுவதை நிறுத்தி, என் மார்பின் முன் பூதக்கண்ணாடியோடு முட்டி போட்டு, வெட்கத்தில் காது சிவக்க எண்ணினான்.

"பதினொண்ணு. மொத்தம் தொண்ணூத்தேழு." எழுந்தான். சிரிக்கவில்லை. "உங்களுக்குத்தான் பேன் எதிர்ப்பே இல்ல, குன்வோர். எல்லாம் உங்களையே புடிச்சுக்கிட்டுதுங்க."

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன், கண்ணீர் வரும்வரை, பிறகு கண்ணீர் மட்டும் வந்தது.

மறுநாள் நாற்பத்தொன்றைக் கசாப்புக்குப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். பேடரை யாரையும் தொட விடவில்லை. நானே தண்ணீரில் கையை விட்டேன். தீனி என்று நினைத்து நேராக வந்தான்.