நவாபிடம் கொடுத்த மனு

ஆண்ட்ரூவுக்கு உருதுவில் நான்கே வாக்கியம்தான் தெரியும். அந்த நான்கையும் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தான். சாந்தோமில் ஒரு பள்ளியில் நாடக வாத்தியார்; எப்போதாவது விழாக்களுக்குக் கூலிக்குக் கூப்பிட்டால் ஷெர்வானியும் ஒட்டுத்தாடியுமாக நவாப் ஆகிவிடுவான்.

அன்றைக்கு அடையாறில் ஒரு பழைய மாளிகையில், டயாலிசிஸுக்கு வழியில்லாத நோயாளிகளுக்காக நிதி திரட்டும் விழா. பெரிய மனிதர்கள் முன்வரிசையில். யாருக்காகத் திரட்டினார்களோ அந்தக் குடும்பங்கள் கடைசியில், தூணுக்குப் பின்னால். வேறெங்கே உட்கார வைப்பார்கள்?

"நவாபிடம் மனு கொடுக்கலாம்!" என்று மைக்கில் அறிவித்தார்கள். விருந்தினர்கள் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். ஒருவருக்கு மாமியார் ஊருக்குக் கிளம்ப வேண்டும், இன்னொருவருக்கு தி.நகரில் கார் நிறுத்த இடம் வேண்டும். ஆண்ட்ரூ ஒவ்வொரு மனுவையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்ஸூர் ஹை!" என்பான். அனுமதித்தோம் என்று அர்த்தம். கூட்டம் கைதட்டும்.

வரிசையின் கடைசியில் கறுப்பு புர்காவில் ஒரு பெண் வந்தாள். ஆதாப் என்று வணக்கம் சொல்லி, ஒரு காகிதத்தை நீட்டிவிட்டு உருதுவில் பேச ஆரம்பித்தாள். நீளமாக, நிறுத்தாமல். பாதியில் குரல் உடைந்தது. ஆண்ட்ரூவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இது விளையாட்டு இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. 'தமிழ்ல சொல்லும்மா' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நவாபின் மானம் போய்விடுமே! முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்ஸூர் ஹை. ஃபிக்ர் மத் கரோ" என்றான். கவலைப்படாதே என்று அர்த்தம். அன்று விழுந்த கைதட்டலிலேயே அதுதான் பெரியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். காகிதம் மற்றவற்றோடு ஷெர்வானியின் உள்பைக்குள் போயிற்று.

இரண்டரை மாதம் கழித்து, பாலவாக்கத்தில் அடுத்த வேஷம். ஷெர்வானியை மாட்டும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. மாமியாருக்கும் காருக்கும் நடுவில், நாலாக மடித்த அச்சு விண்ணப்பம் ஒன்று. ஷரஃபுதீன், வயது நாற்பத்தொன்று, சிந்தாதிரிப்பேட்டை. வாரம் இருமுறை இலவச டயாலிசிஸ். விண்ணப்பிப்பவர்: மனைவி வஜீஹா. அடியில் கொட்டை எழுத்தில், விழா முடிவதற்குள் வாசல் மேஜையில் ஒப்படைக்காத விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா.

ஆண்ட்ரூ அதிலிருந்த எண்ணுக்கு போன் செய்தான்.

"நான்... அன்னிக்கு நவாப் வேஷம் போட்டவன்மா."

"நவாப் சாப்!" வஜீஹாவின் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "வேஷம்னு தெரியும் சாப். ஆனா மைக்ல மனு குடுக்கச் சொன்னாங்களா, நீங்கதான் வாங்கி உள்ள குடுப்பீங்கன்னு நெனச்சேன். உருதுலயே பதில் சொன்னீங்களே."

"அவர் எப்படிம்மா இருக்கார்?"

"எங்க அண்ணன் வேற ட்ரஸ்ட்டுக்கு அலைஞ்சிக்கினு இருந்தாரு. இவருதான் வாணான்னுட்டாரு. 'நமக்குதான் மன்ஸூர் ஆய்டுச்சே, இன்னொருத்தர் எடத்தை இன்னாத்துக்குப் புடுங்கணும்'னாரு. போன் வரும், போன் வரும்னு பாத்துக்கினு இருந்தோம். இன்னிக்குதான் வந்துகீது." பக்கத்தில் யாரிடமோ கிழமையைக் கேட்டுக்கொண்டாள். "வர்ற வெள்ளிக்கிழமை அவரு போய்ச் சேந்த நாப்பதாம் நாள் ஃபாத்திஹா. வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க சாப்."

ஆண்ட்ரூ வாயைத் திறந்தான். தெரிந்த நான்கு வாக்கியங்களில் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. தமிழிலும் வரவில்லை.