ஒரு துளைக்கு அளவு இல்லை

இனி வெல்டிங் பக்கமே போகக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை, பட்டறை கைவிடவில்லை. சாயங்கால வகுப்பில் மெஷின் டிராயிங் படிக்கவைத்து, மாடியில் ஒரு கண்ணாடி அறையும் கொடுத்தது. வேலை நிரந்தரமாவது மட்டும் அவள் போடும் படங்களைப் பொறுத்தது.

கீழே வெல்டிங் செய்தவரை அவள் பெயர் ‘பொறி’. மாடியேறிய மறுநாளே ‘மேடம்’ ஆகிவிட்டாள்.

ஆரம்பத்தில் அவள் படங்கள் அரைகுறைதான். மேலிருந்து பார்த்த படத்தில் இருக்கும் மேடு, பக்கவாட்டுப் படத்தில் காணாமல் போயிருக்கும். துளை போடும் டிரில்லர் அண்ணன் தாளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வருவார்.

"மேடம், இந்த மேட்டை எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. குடுங்க, போட்டுத் தரேன்."

அவள் திருத்துவதற்குள் அவருடைய பேரனின் முதல் பல், முழங்கால் வலி, மருமகளின் கோபம் எல்லாம் பேச்சில் வந்து போகும். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அதுவே அன்றைக்குப் போதும்.

"நல்ல படம்னா, அதைப் பார்த்துட்டு ஒருத்தரும் உங்ககிட்ட சந்தேகம் கேக்க வரக்கூடாது" என்றார் வகுப்பு வாத்தியார்.

அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள். ஒருவரும் வரவில்லை. டிரேயில் வைத்த படம் கீழே போகும், சாமான் தயாராகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரிப்பது தெரியும், எதற்கென்று தெரியாது.

அன்று ஒரு தகட்டின் படத்தில், கடைசித் துளை எங்கே விழ வேண்டும் என்ற அளவை எழுதாமல் விட்டாள். வேண்டுமென்றேதான். எதிர் நாற்காலியில் கிடந்த தாள் சுருள்களை ஒதுக்கிவைத்து, முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள்.

படியில் காலடிச் சத்தமே இல்லை. மதியம் சூப்பர்வைசரின் கத்தல்தான் மேலே வந்தது. விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். தகடு பாழ். டிரில்லர் அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

"அளவு இல்லேன்னா கேக்க மாட்டீங்களா?"

"மேடம் படத்துல தப்பே இருக்காது சார். போடலேன்னா நடுவுலதான்னு நெனச்சுட்டேன்."

"தப்பு என்னோடது சார்" என்றாள் அவள்.

"அப்ப நிரந்தரம் இப்போதைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார்.

"மறந்துட்டியாம்மா?" என்றார் டிரில்லர் அண்ணன்.

"இல்லண்ணே. கேக்க வருவீங்கன்னு விட்டேன்."

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "அதுக்கு என் மானத்தை வாங்கணுமா? பேசணும்னா இறங்கி வரவேண்டியதுதானே?"

"நான் வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திடறீங்களே."

அவர் பாழான தகட்டை எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

அவள் மாடிக்குப் போய் ஓர் அளவுகூட விடாமல் புதிதாக வரைந்தாள். டிரேயில் வைக்காமல் தானே எடுத்து வந்து நீட்டினாள். அவர் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் படித்தார். கேட்க ஒன்றுமில்லை. மெஷினைப் போட்டார். அவளைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் வழக்கம்போல் பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் நகரவில்லை. முதல் துளை விழும்வரை நின்றாள். பிறகு இரண்டாவதற்கும் நின்றாள்.