இரண்டாம் படிப் பிரியம்

விசா அலுவலகத்து மொழிபெயர்ப்பாளருக்குப் பட்டப்பெயர் ‘தராசு’. ஒருவர்மேல் ஒருவருக்கு வரும் ஆசையை ஆங்கிலம் சொல்லும் விதங்களை ஏழு படிகளாகப் பிரித்து, அட்டையில் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தார். முதல் படி ‘லைக்’. அதைக் காபிக்கும் சொல்லலாம். இரண்டாவது ‘ஃபாண்ட்’, அதாவது பிரியம். ‘லவ்’ நடுவில் எங்கோ, நாய்க்குட்டிக்கும் செல்லும். உச்சி, ‘இன் லவ்’. இருபது வருடப் பணியில் நான்கு பேரைத்தான் அங்கே ஏறவிட்டார். அதில் சொந்த மனைவி இல்லை.

அன்று ஜன்னல் முன் நின்றவள் ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். கல்யாணமாகி ஆறு வருடம். கணவன் கடல் தாண்டி கிரேன் பழுது பார்க்கிறான். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் இருபது நாள். விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்தது. இது மூன்றாவது, விதிப்படி கடைசி.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், இவள் கணவன்மேல் ‘இன் லவ்’வா என்று கேட்டார்.

“வீட்டுக்காரர்மேல உங்களுக்குக் காதலான்னு கேக்கறார்மா,” என்றார் தராசு.

மைக்கில், நாற்பது பேர் வரிசைக்கு முன்னால் கேட்கிற கேள்வியா இது? “நல்ல மாதிரி சார். பிடிக்கும்.”

“பிடிக்கும்னா? கொஞ்சமா, ரொம்பவா?”

“என்ன சார், துணிக்கு அளவு கேக்கற மாதிரி கேக்கறீங்க! இருபது நாள்தானே கூட இருந்தேன். மிச்சத்தை அங்க போய்த்தான் பாக்கணும்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தராசு சிரிக்கவில்லை. ‘இன் லவ்’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மொழிக்குத் துரோகம் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஷி இஸ் ஃபாண்ட் ஆஃப் ஹிம்,” என்றார். யாரும் கேட்காமலே, அது உச்சிக்கு ஐந்து படி கீழே என்றும் விளக்கினார். அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பாராட்டினார், அவரை.

முத்திரை விழுந்தது: திருமண உறவு உண்மையானதாகத் தெரியவில்லை.

“நான் என்ன சார் தப்பா சொன்னேன்?”

“ஒண்ணும் தப்பில்லம்மா. நீங்க சொன்னதைக் குண்டுமணி அளவும் பிசகாம சொல்லியிருக்கேன்.” ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்தார்.

வாசலில் உட்கார்ந்து கணவனுக்கு ஃபோன் போட்டாள்.

“என்ன ஆச்சு?”

“இல்லைன்னுட்டாங்க.”

“என்னதான் கேட்டாங்க?”

“உங்கமேல காதலான்னு.”

“நீ?”

“பிடிக்கும்னேன்.”

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது. ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்று திட்டுவான் எனக் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“சரியாத்தான் சொல்லியிருக்கே,” என்றான். “என்னைக் கேட்டிருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்.”

அதற்கு மேல் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் இருவரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.