மேடு தேடிய கார்

கல் என் கையில் இருக்கிறது, கார் என்னை விட்டுவிட்டு இறக்கத்தில் உருளத் தொடங்கிவிட்டது, நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிறேன், மழை பெய்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை, சில நாள் மழையோடு ஞாபகம் வருகிறது, சில நாள் குன்னூரின் அந்த வெளிறிய வெயிலோடு, காரின் நிறம்கூட என் நினைவில் கறுப்பு, பார்த்தவர்கள் எல்லோரும் கரும்பச்சை என்கிறார்கள், நான் எதையும் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் ஓடினேன், அதில் சந்தேகமில்லை, வங்கியின் உதவி மேலாளர், கணக்குக்கும் கையெழுத்துக்கும் பேர்போனவள், தினமும் காலையில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு, ஓடும் காருக்குள் தாவி விழுந்து வேலைக்குப் போனேன், ஆட்டோ ஸ்டாண்டில் டிரைவர் பெள்ளன் ராகம் போட்டுச் சொல்வார், மேடம், இன்னிக்கி நேத்தவிட ஸ்பீடு, ஒலிம்பிக்குக்கு எழுதிப் போட்ரலாமா. நான் சிரிப்பதில்லை, உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கும் என் கணவர் நடேசமூர்த்தி கையை உயர்த்திக் காட்டுவார், தன்னைப் பாராட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு.

அது இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே செய்தது, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார வேண்டும், லாரியின் சக்கரம் காதோரம் சுழலும், ஒரு தோட்டத்துரை வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த அதை அவர் வாங்கி வந்தார், வந்த நாளிலிருந்து அதன் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை, ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, முன்னால் கம்பியைச் சொருகிச் சுழற்றி எழுப்பும் வழி ஒன்று இருந்தது, அது ஒருநாள் எதிர்த்துச் சுழன்று அவர் மணிக்கட்டை உடைத்தது, ஆகவே இறக்கத்தில் நிறுத்துவது, உருட்டுவது, கியரைப் போட்டு எழுப்புவது, மெக்கானிக் ஒருவர் நம் ஊர் ஜீப்பின் ஸ்டார்ட்டர் இதற்குப் பொருந்தும் சார், அரைநாள் வேலை என்றார், இவர் அவரைப் பார்த்த பார்வை, கோயில் மூலவருக்கு பிளாஸ்டிக் கை வைக்கலாமா என்று கேட்டவரைப் பார்க்கும் பார்வை, ஒரிஜினாலிட்டி போய்டும்ப்பா, லண்டன்ல சொல்லி வச்சிருக்கேன், வரும். லண்டனிலிருந்து ஒன்றும் வரவில்லை. மடக்கும் கூரை ஒழுகியது, மழை நாளில் மடியில் உரச்சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்வேன், என் புடவைகளில் பெட்ரோல் வாசம் ஏறிப் போகவே இல்லை, நிற்கும் இடமெல்லாம் எண்ணெய் சொட்டியது, அதற்கு அடியில் வைக்க என் சமையலறையின் அலுமினியத் தாம்பாளம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட கார்க்காரர்கள் கூடுவார்கள், வட்டத் தொப்பியும் கையில்லாத ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, ஒருவர் கார் பேனட்டுக்குள் இன்னொருவர் தலையை விட்டு ஆகா ஆகா என்பார்கள், திங்கட்கிழமை காலை அத்தனை பேரும் ஏசி வைத்த சாதாரண காரில் வேலைக்குப் போவார்கள், இவர் ஒருவர்தான் போகமாட்டார், இவர் இருந்த நல்ல காரை விற்றுவிட்டிருந்தார், கார்ங்கறது ஓட்டறதுக்கும்மா, பூ போட்டு வைக்கறதுக்கில்ல, தெனம் ஓட்டினாத்தான் அதுக்கு மரியாதை, என்பார், அதன் மரியாதையைப் பற்றித்தான் பேச்சு. தேயிலை ஏலக் கம்பெனியில் ருசி பார்ப்பவர் அவர், ஒரு மடக்கில் எந்த மலைச்சரிவின் கொழுந்து என்று சொல்லிவிடுவார், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளின் முகத்தை அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. எங்கள் வாழ்க்கை சரிவுகளால் ஆயிற்று, இறக்கத்தில் இருக்கும் பல் டாக்டர், இறக்கத்தில் இருக்கும் மளிகைக் கடை, சமதளத்தில் மண்டபம் பிடித்தவர்களின் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, என் சித்தப்பா மகள் அதற்காக இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பிறகு எனக்கு மேலாளர் பதவி வந்தது, ஊர் மன்னார்குடி, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் இனி என் பெயர் வரப்போவதில்லை, பிறர் எழுதிய கடனுக்குக் கீழே இரண்டாவது கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற வேண்டியதுதான், அந்த நாற்காலிக்காக நான் எத்தனை வருடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அவருடைய கம்பெனி தஞ்சாவூர் டிப்போவுக்கு ஆள் தேடிக்கொண்டும் இருந்தது, அவர் சொன்னது இதுதான், மன்னார்குடியா, அங்க மேடே இல்லயேம்மா. நான் விளையாட்டு என்று நினைத்தேன், ஒருவேளை நினைக்காமலும் இருந்திருக்கலாம், எதற்கும் போய்ப் பாத்துரலாம் என்றார், தெரு எப்பிடி ஓடுதுன்னு பாக்கணும் இல்ல.

அதிலேயே போனோம், மலையிறங்கும்வரை அது ராஜாவாட்டம் போனது, மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில், கரூர் வெயில், திருச்சி வெயில், ரயில்வே மேம்பாலத்து ஏற்றம் எங்கே வந்ததோ அங்கே நிறுத்திப் புளிச்சோறு தின்றோம், இப்போதும் கனவில் எனக்கு அந்தச் சாலை வருகிறது, இருபக்கமும் வயல், வானம் தரையில் இறங்கி நிற்கிறது, எங்கள் கார் மட்டும் ஒரு மேட்டைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறது, மன்னார்குடி எல்லையில் டீக்கடை ஒன்றின் முன்னால் இன்ஜினை அணைக்காமல் கேட்டார், ஏங்க, இந்த ஊர்ல மேடான எடம் எங்க இருக்கு, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார், மேடா, ஏன் சார், வெள்ளம் கிள்ளம் வருதுன்னு ரேடியோல சொன்னானா, பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள், நான் என் மடியைப் பார்த்துக்கொண்டேன்.

வீடு பெரிய தெப்பக்குளத்தின் கரையில் இருந்தது, வீட்டுக்காரம்மா பெயர் தையல்நாயகி, கணவர் இல்லை, மாடியில் அவள் இருந்தாள், கீழே வாடகைக்கு, ஜன்னலைத் திறந்ததும் தண்ணீர் தெரிந்தது, நடந்தால் வங்கி கொஞ்ச தூரம்தான், உள்ளறையில் என் புத்தகங்களுக்கு ஒரு சுவர் முழுக்க அலமாரி, யாரும் பேசாத ஒரு அமைதி அந்த அறையில் இருந்தது, எனக்காகவே அதை யாரோ மூடி வைத்திருந்ததைப் போல. இங்க மேனேஜரா வரப்போறது நீங்கதானாம்மா, என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், அந்தச் சொல்லை யாரும் அதுவரை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கவில்லை, ஆமா என்றேன், வாசலுக்கு வந்தால் அவர் காரில் கிடந்த பூஜை எலுமிச்சம்பழத்தை எடுத்து நடுத்தெருவில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், பழம் அசையவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்தார், அங்கேயும் அசையவில்லை, தையல்நாயகி பதறிப்போய், தம்பி, என்னத்துக்கு என் வாசல்ல எலுமிச்சம்பழம் வக்கிறீங்க, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன் என்றாள், அதெல்லாம் இல்லீங்க, ரோடு சரிவா இருக்கான்னு பாக்கறேன் என்றார், அவள் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, வாழ்க்கையில் எனக்கு அத்தனை அவமானம் தந்த பார்வை வேறில்லை, ஓடியபோது பெள்ளன் சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

சரிப்படாதும்மா, என்றார் என்னிடம், எழுதிக் குடுத்துரு, அடுத்த தடவ நல்ல ஊரா வரும். அவர் குரலில் கடுமை இல்லை, கோபம் இல்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார், அந்த நேரம் பார்த்து, வெயிலில் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இரண்டு முறை கனைத்து அணைந்தது, நான் தையல்நாயகியிடம் திரும்பி, இந்த வீட்ட எனக்கே குடுங்கம்மா, ஒண்ணாம் தேதி வந்துர்றேன் என்றேன், அவர் கேட்டாரா என்று தெரியவில்லை, அவர் காரின் வாயைத் திறந்துவிட்டிருந்தார்.

டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் வெள்ளம் எங்கே என்று விசாரிக்க அங்கேயே வந்து சேர்ந்திருந்தார்கள், அவர்கள்தான் தள்ளினார்கள், இவ்ளோ காசு குடுத்து வாங்கி இப்பிடித் தள்ளு வண்டியா சார், நம்ம ஊரு ஐஸ் வண்டி தேவலாம் என்று ஒருவர், கரையின் பாதிவரை தள்ளியபின் அது புகை கக்கி எழுந்தது, எழுந்தபின் நிறுத்த முடியாது, நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும், ஆகவே அவர் குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார், என்னருகில் வேகத்தைக் குறைத்துக் கதவைத் திறந்து பிடித்து, ஏறு என்றார், நான் ஏறவில்லை, போய்விட்டார், நான்கு கரையும் சுற்றி மறுபடி வந்தார், ஏறும்மா, சூடாயிட்டிருக்கு, நின்றுகொண்டிருந்தேன், என் கால்கள் பழக்கத்தில் ஓடத் தயாரானதை நான் உணர்ந்தேன், அவற்றைப் பிடித்து வைத்திருந்தேன், தையல்நாயகி மெல்லக் கேட்டாள், தம்பி ஏம்மா சாமி வலம் வர்ற மாதிரி சுத்துறாரு, நிறுத்த முடியாதும்மா என்றேன், நிறுத்தி எறங்கிக் கூப்புட்டா நீங்க போயிருப்பீங்களா என்றாள், போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஒரு நிமிடம் அதை அணைத்துவிட்டு இறங்கி வந்திருந்தால். மூன்றாவது முறை வந்தபோது அவர் கதவைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்தார், காரின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார், முள்ளைத்தான் அதிக நேரம் பார்த்தார், பிறகு ஊரைவிட்டுப் போகும் பாலத்துப் பக்கம் திரும்பிவிட்டார்.

கரூர்வரை எங்குமே நிறுத்தவில்லை என்று பின்பு பெருமையாகச் சொன்னாராம். நான் ஒண்ணாம் தேதி பஸ்ஸில் வந்து சேர்ந்தேன், அந்தக் கிளையில் மேலாளராக இருந்து, பிறகு கும்பகோணத்தில் இருந்து, ஓய்வு பெற்றேன், தெப்பக்குளத்து வீட்டில்தான் இருக்கிறேன். தையல்நாயகி போன வருடம் காலமானாள். பெள்ளன் ஆட்டோவை விற்றுவிட்டுக் கோத்தகிரியில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். காரை ஊட்டியில் ஒரு ஓட்டல்காரர் வாங்கி, இன்ஜினைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் வைத்திருக்கிறார், சாப்பிட வருகிறவர்கள் குழந்தைகளை அதில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். நடேசமூர்த்தி குன்னூரில் தனியாக இருக்கிறார், இந்த வயதிலும் வேலைக்கு நடந்து போய் வருகிறார்.