மாயாண்டியின் உயரம்

1906ஆம் ஆண்டு நாகப்பட்டினத்துக் கப்பல் டிப்போவில் தோட்டக் கூலியாகப் பதிந்து அளந்தபோது மாயாண்டி ஐந்தடி எட்டு அங்குலம் இருந்தார். அவர் மகன் ஐயாவு லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிய 1928ஆம் ஆண்டில் மூன்றடி ஐந்து அங்குலம் இருந்தார். இடையில் நோய்நொடி ஒன்றும் இல்லை, கூனும் விழவில்லை. கடல் தாண்டி அவர் வந்து சேர்ந்த, சித்தியவானுக்கு ஐந்து மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் துரையோ கணக்கெழுதும் கிராணியோ சாலையில் வந்தால், எதிரே வருகிற தொழிலாளி தோளில் கிடக்கும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையோர வாய்க்காலில் இறங்கி, அவர்கள் தாண்டிப் போகும்வரை குனிந்து நிற்கவேண்டும். எல்லோரும்தான் இறங்கினார்கள். மாயாண்டி மட்டும் மனசார இறங்கினார், இறங்கும் ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு குறைந்தார். அவர் மனைவி காளியம்மா உதட்டுக்குள் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே இறங்குவாள். அதனாலோ என்னவோ, அவள் ஊரிலிருந்து வந்த உயரத்திலேயே இருந்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். வருஷத்துக்கு ஒருமுறை மாயாண்டியைச் சுவரோடு நிறுத்திக் கோடு போடுவார். "போன வருஷத்தைவிட ஒண்டேகால் அங்குலம் குறைஞ்சுபோனாய், மாயாண்டி" என்பார். "சரிங்கய்யா" என்பார் மாயாண்டி. டிரெஸ்ஸர் துரைக்குக் கடிதம் எழுதினார். மரத்தின் அடிப்பட்டையைச் சீவக் குட்டையான ஆள்தான் வசதி, இவனைக் கீழ் வெட்டுக்குப் போடவும் என்று பதில் வந்தது. ஒரு மனுஷன் குறைந்துகொண்டே போகிறான் என்று எழுதினால் இப்படியும் பதில் எழுத ஆள் இருக்கிறார்கள், என்ன செய்வது. மாயாண்டி கீழ் வெட்டுக்குப் போனார். முதுகை வளைக்காமல் அடிமரத்தில் பால் வெட்டுகிற ஒரே ஆள் என்று கங்காணியிடம் நல்ல பெயரும் எடுத்தார். 1912இல் டிரெஸ்ஸருக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. "உன்ர பொடியனுக்கு நல்ல மூளை. என்னோட விடு, நான் படிப்பிக்கிறன்" என்று கேட்டு, பத்து வயது ஐயாவுவை ஈப்போவில் சிலிபின் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சிலிபினில் ஐயாவு காலில் சப்பாத்துப் போடப் பழகினான், ஆங்கிலம் பேசினான், வகுப்பில் முதலாக வந்தான். கூடவே வெட்கப்படவும் கற்றுக்கொண்டான். 1919இல் மாயாண்டி ஒரு கூடை மாங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்க்க ஈப்போ வந்தார். கடைத்தெரு நடைபாதையில் மகன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு நின்றிருந்தான். யார் இந்தக் குள்ளன் என்று அவர்களில் ஒருவன் கேட்டான். "டிரெஸ்ஸர் வூட்டுக்குச் சாமான் கொண்டாற தோட்டத்து ஆளு" என்றான் ஐயாவு. மாயாண்டியின் காதில் அது நன்றாக விழுந்தது. "ஆமாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கி வழிவிட்டார். அன்று ஒரே நாளில் இரண்டு அங்குலம் போயிற்று. சட்டை முழங்காலில் தட்ட வீடு திரும்பியவரைப் பார்த்துக் காளியம்மா, "இன்னிக்கி எவன் வந்தான் எதிர்ல?" என்று கேட்டாள். "தொரதான்" என்றார். பொய்தான், ஆனால் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்.

ஐயாவு உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் போய் ஏழு வருஷம் இருந்தான். கத்தி பட்ட ரப்பர் மரத்தின் பட்டை எப்படி மறுபடி வளர்கிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. அந்தப் பட்டைகளைச் சீவியது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டிரெஸ்ஸருக்கு நாலு பக்கம் எழுதுகிறவன் அப்பாவுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி சேர்ப்பான். பட்டம் வாங்கிய செய்தியை டிரெஸ்ஸர் நேரில் வந்து சொன்னார். ரப்பர் விலை விழுந்திருந்த வருஷம் அது. ஆனாலும் அந்த வாரம் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வேறு பேச்சே இல்லை. மாயாண்டி டிரெஸ்ஸரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பட்டம் குடுத்தத நாங்க யாரும் பாக்கலிங்களே. அதே உடுப்போட ஒருவாட்டி தோட்டத்து ரோட்டுல நடந்து வரச் சொல்லுங்க. எல்லாரும் பாக்க எம் மவனுக்கு நான் மாலை போடணும்." இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். காளியம்மா முனியாண்டி சாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டாள்.

வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாலை நெடுகத் தென்னங்குருத்துத் தோரணம், தப்புக்காரர்கள் நாலு பேர், இருநூறு சனம். டிரெஸ்ஸரின் வாடகைக் கார் மரப்பாலத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டதால் ஐயாவு அங்கிருந்து தனியாக நடந்து வந்தான். சிவப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. எல்லோருக்கும் முன்னால் மாயாண்டி இரண்டு கையிலும் செவ்வந்தி மாலையை ஏந்திக்கொண்டு நின்றார். அவர் உயரத்துக்கு முதலில் தெரிந்தது சப்பாத்துதான். அதைப் பார்த்ததும் கால் தானாக நகர்ந்தது. துண்டு கக்கத்துக்குப் போயிற்று, மாலையோடு வாய்க்காலில் இறங்கிக் குனிந்து நின்றார். அவர் இறங்கியதைப் பார்த்த பக்கத்து ஆள் இறங்கினான், அவனைப் பார்த்து அடுத்தவள் இறங்கினாள். தப்புக்காரர்களும் தப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். காளியம்மாவும் கிடாவை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்று ஒருநாள்தான் அவள் திட்டாமல் இறங்கினாள். சாலை மொட்டையாகக் கிடந்தது.

ஐயாவு நின்றிருக்கலாம். அவன் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தலைகள் குனிந்திருக்க, சாலைக் கடைசியில் இருந்த முனியாண்டி கோயில்வரை நாற்பது காலடி நடந்தான். பத்தாவது காலடியில் அப்பாவைத் தாண்டினான், பார்த்துக்கொண்டேதான் தாண்டினான். அவர் குனிந்து நின்றது அவனுக்குப் பிடித்திருந்தது. நடந்த அத்தனையிலும் கேவலம் இதுதான், இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. கோயில் வாசலில் பூசாரி, "எங்கய்யா ஒங்கப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்போதுதான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஈப்போ நடைபாதையில் சொன்னது, கடிதத்தில் எழுதிய ஒரு வரி, இப்போது நடந்த நடை எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தன. அங்கேயே நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

திரும்பி ஓடினான். மாயாண்டி இன்னும் நிமிரவில்லை. "அப்பா, மேல வாங்க" என்றான். "இருக்கட்டுங்க, நீங்க போங்க" என்றார் மாயாண்டி, சப்பாத்தைப் பார்த்தபடி. தன் பிள்ளையிடம்தான் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியும், நாக்குக்குத்தான் தெரியவில்லை. ஐயாவு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினான். முழங்காலளவு தண்ணீர் இடுப்புக்கு வந்தது, சிவப்பு அங்கி தண்ணீரில் மிதந்து விரிந்தது, தொப்பி மூக்குவரை இறங்கியது. ஐந்தடி ஒன்பது அங்குலம் இருந்தவன் மூச்சு விடுகிற நேரத்தில் மூன்றடி ஐந்து அங்குலம் ஆனான். "அந்த நாளு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றான். எந்த நாள் என்று மாயாண்டி கேட்கவில்லை. தொப்பியை ஒரு விரலால் மேலே தள்ளி, இருபது வருஷத்துக்கு மேலாக எவர் முகத்தையும் நேராகப் பார்த்திராத மனுஷன் மகன் முகத்தைப் பார்த்தார். "அட, நீ ஒங்க ஆத்தா சாடைதான்" என்றார். ஐயாவுவால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை, தலைகுனிந்துகொண்டான். மாயாண்டி எக்காமல், நின்ற இடத்திலிருந்தே மாலையைப் போட்டார்.

ஊர்வலம் வாய்க்கால் வழியாகவே கோயிலுக்குப் போயிற்று. தப்புச் சத்தம் தண்ணீரில் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது, மற்றபடி குறையொன்றும் இல்லை. கிடாக்கறியும் நன்றாக இருந்தது என்றார்கள். அதற்குப் பிறகு மாயாண்டி குறையவில்லை. மகன் வளரவும் இல்லை. அடுத்த மாதம் ஐயாவு ஈப்போவில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான், அங்கே மேசையின் காலை அறுத்துக் கொடுத்தார்கள். லண்டனில் படித்தவர்கள் அந்த உயரத்தில்தான் இருப்பார்கள் போலும் என்று அலுவலகத்துப் பியூன்கள் நினைத்துக்கொண்டார்கள். காரணத்தை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நாற்பது காலடியில் அப்பாவைத் தாண்டிய பிறகு நடந்த கடைசி முப்பதைப் பற்றி அவன் சொல்லியாக வேண்டும்.